துஞ்சினார் திருவுருவும் திருக்கோயிலும்

பிறந்தார் இறத்தல் ஒருதலை என்பதனை அறியாதார் உலகில் இலர். அறிந்திருந்தும், தம்மொடு ஓரில்லத்து உண்டு உறங்கி வாழ்ந்தார் ஒருவர் மறைந்தவழி அவ்வறிவு துணை செய்யாது போதலும் யாவர்க்கும் ஒத்ததே. அந்நிலையில் மக்கள் செய்வன இரண்டு: ஒன்று அழுதல், மற்றொன்று ஆக்குதல். அழுகை சின்னாளில் அடங்கும். ஆக்கிய பொருளோ அழுதாரும் மறைந்த பின்னர் நின்று, இன்னார் இன்னாரை இழந்து வருந்தினர் என்பதனைப் பிற்காலத்தார்க்கு அறிவிக்கும். இறந்தார்க்குக் கல்லினும் செம்பினும் எடுத்த உருக்களும், அவர் பெயரால் எழுப்பிய தளிகளும் இவ்வாறு தோன்றியனவே.

சைவ நன்மக்கட்கு இப்பொருளில் ஓர் ஐயம் எழுதல் கூடும். உடலொடு வந்த உறவு உடலொடு கழிவது. உயிர் தன் வினைக்கு ஈடாக வேறு உடல் எடுக்கும், அல்லது இறைவன் திருவடி நிழலை எய்தும். இவ்வாறிருக்க, இறந்த தந்தைக்கும் தாய்க்கும் கணவற்கும் உருவெடுத்துப் பேணுதல் பாசத்தை வளர்ப்பதாகாதோ என்பது அவ்வையம். இதற்கு நூல்வழி விடை கூறுதல் ஒருபுறம் இருக்க, சிவநெறியில் ஊன்றி நின்ற ஒரு குடும்பத்தார் தம் செயலால் விடை கூறியிருத்தல் காணலாம். அவர் கி.பி. 10, 11 ஆம் நூற்றாண்டுகளில் தஞ்சையிலும் பழையாறையிலும் இருந்து ஆண்ட சோழர் குடியினர். அவர் எடுத்த நினைவுக் கோயில்களும் திருவுருக்களும், அவற்றைக் குறித்த கல்வெட்டுக்களும் ஈண்டு ஆராயப்படும்.

1. நடுகல்

தமிழகத்தில் இறந்தாரை நினைத்தற்குச் செய்த கலைப்பொருள்களுள் மிகப் பழையது நடுகல் ஆகும். தொல்காப்பியனார் புறத்திணையியலிற் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதன் துறைகளை முறைப்படுத்தினார். தக்க கல்லைத் தேர்ந்து காணுதல், அதனைக் கொணர்தற்குத் தொடங்குதல், நீராட்டுதல், நடுதல், வீரன் பெயரும் பீடும் பொறித்துப் படையலிடுதல், வாழ்த்துதல் என்பன அவற்றின் பொருளாம். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்துக் காதைகள் சில இத்துறைகளின் பெயரையே பெற்று நிற்றல் கற்றார் அறிந்ததொன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 இற் கண்டெடுக்கப்பட்ட கற்கள், தமிழ்ப் பிராமி எழுத்திற் பெயர் பொறிக்கப்பெற்று, இவ்வழக்கின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன.

பல்லவர் காலத்து நடுகற்கள் செங்கம் பகுதியிற் பெருகக் கிடைத்துள்ளன. வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரன் உருவும், அவன் ஆநிரை மீட்டோ ஊர் காத்தோ பட்ட செய்தியும் அவற்றிற் காணப்படும். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனொடு கோவிவன் என்னும் பெயரிய நாயொன்றும் வடிக்கப்பெற்றுள்ளது. கள்வரைக் கடித்துத் தலைவன் அருகே நின்ற அந்நாயை மறவாது கல்லிற் பொறித்தாருடைய நன்றியறிவு வியக்கத்தக்கது.

நடுகல்லின் இயல்பு ஒன்று ஈண்டுக் கருதற்பாலது. அங்கே வழிபடப்படுவான் இறந்த வீரனே. பீலி சூட்டுதலும் படையலிடுதலும் அவன் பொருட்டே. அவனை அடக்கிய கல்லே அவனுக்கு இல்லமாகவும் கருதப்பட்டது. அவன் வணங்கிய தெய்வம் யாது என்பது அக்கல்லின் முதன்மைச் செய்தி அன்று. இவ்வியல்பு சோழர் காலத்துக் கோயில்களில் எவ்வாறு மாறிற்று என்பதே இக்கட்டுரை காட்டப் புகுவது.

2. பள்ளிப்படை

இறத்தலைத் துஞ்சுதல் என்பது தமிழ் வழக்கு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் எனச் சங்க காலத்து வேந்தர் தாம் இறந்த இடத்தாற் பெயர் பெற்றனர். சோழரும் இம்மரபினைப் போற்றித் தம் முன்னோரைத் தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார், ஆற்றூர்த் துஞ்சின தேவர், பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனக் கல்வெட்டுக்களிற் குறித்தனர். துஞ்சினாரைப் பள்ளிப்படுத்த இடத்தில் எடுக்கும் கோயில் பள்ளிப்படை எனப்பட்டது. இறந்தார் என்று வாயாற் கூறுதற்கு மனம் ஒருப்படாதார் உறங்கினார் எனக் கூறினர். அவ்வுறக்கத்துக்கு ஏற்ற பள்ளியறையாகக் கோயிலை அமைத்தனர்.

இவற்றுள் மூன்று கோயில்கள் சிறப்பாக அறியத்தக்கன. முதலாவது, காளத்திக்கு அணித்தாய தொண்டைமானாற்றூரில் உள்ளது. அவ்வூர் இன்று ஆந்திர மாநிலத்தின்கண் தொண்டைமானாடு என வழங்கும். முதலாம் ஆதித்தன் ஆண்டுத் துஞ்சினான். அவன் மகன் முதலாம் பராந்தகன் தந்தையின் பொருட்டுச் சிவன் கோயில் ஒன்று எடுத்து, கோதண்டராமேச்சுரம் என்றும் ஆதித்தேச்சுரம் என்றும் அதற்குப் பெயரிட்டான். பராந்தகனது 34 ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 940 இல், இக்கோயில் விழாவின்போது பல நெறிகளையும் சார்ந்த ஆயிரவர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்யப்பட்டமை கல்வெட்டால் அறியலாம். தந்தை துஞ்சி முப்பதாண்டுக்கு மேலாகியும் அவன் பெயர் கொண்ட கோயிலிற் பசித்தவர்க்குச் சோறு வழங்கப்பட்டது என்க.

இரண்டாவது, இன்றைய வேலூர் மாவட்டத்துப் பொன்னையாற்றங்கரையில் உள்ள மேற்பாடியில் அமைந்தது. ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சயனுக்கு அவன் பெயரன் முதலாம் இராசராசன் எடுத்த பள்ளிப்படை அது. அரிஞ்சிகை ஈச்சுரம் எனக் கல்வெட்டுக்கள் கூறும். அரிஞ்சயன் அரசாண்டது மிகச் சில காலமே. அவன் துஞ்சியது கி.பி. 957 ஐ ஒட்டியாகும். இக்கோயிற் கல்வெட்டோ இராசராசனது 29 ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1014 இல், பொறிக்கப்பெற்றது. எனவே, இதனைப் புதுத்துயரின் வெளிப்பாடு என்றல் பொருந்தாது. தந்தையைப் பெற்ற தந்தைக்கு ஆற்ற வேண்டிய கடன் ஒன்று எஞ்சியிருந்தது. அக்கடனைத் தன் வாழ்நாளின் இறுதிக் காலத்துட் பெயரன் நிறைவேற்றினான் எனக் கோடலே நேரிது.

மூன்றாவது, பட்டீச்சுரத்தின் அருகே பழையாறைப் பகுதியில் இன்று இராமநாதன் கோயில் என வழங்கும் பஞ்சவன்மாதேவி ஈச்சுரம் ஆகும். பஞ்சவன்மாதேவியார் இராசராசனுடைய தேவியருள் ஒருவர். முதலாம் இராசேந்திரனை ஈன்றவர் அவரல்லர். வானவன்மாதேவி என்னும் திரிபுவனமாதேவியாரே அவன் நற்றாய். ஆயினும் அவன் தன் 7 ஆம் ஆட்சியாண்டளவில், கி.பி. 1019 ஐ ஒட்டி, இச்சிற்றன்னையார்க்குப் பள்ளிப்படை எடுத்தான். கங்கையும் கடாரமும் கொண்டான் எனப் பின்னாட் புகழப்பட்ட வேந்தன், தன்னைப் பெறாத தாய் ஒருத்தியின் பெயரைக் கல்லில் நிறுத்தினான் என்பது, அவன் வென்ற நாடுகளின் பெயர்ப் பட்டியலினும் அவன் உள்ளத்தை நன்கு காட்டும்.

இம்மூன்று கோயில்களின் கருவறையிலும் நடுநாயகமாக நிற்பது சிவலிங்கமே. துஞ்சினார் உருவம் அங்கே மூலமாக வைக்கப்படவில்லை. அவர் பெயர் மட்டும் ஈச்சுரம் என்னும் சொல்லொடு புணர்ந்து நிற்கின்றது. ஆதித்தேச்சுரம் என்பதற்கு ஆதித்தனாகிய ஈசுவரன் எனப் பொருள் கொள்வார் உளராயின், அவர் திருப்பெயர் மரபினை நோக்கிற்றிலர் என்க. ஆதித்தன் பெயரால் எடுத்த ஈசனது இடம் என்பதே அதன் பொருள். நடுகல்லில் முதன்மை பெற்றிருந்த வீரன், பள்ளிப்படையில் இறைவன் முன் தன் பெயரை மட்டும் வைத்துத் தான் மறைந்து நிற்கின்றான்.

இறந்தாரை அடக்கிய இடத்திற் கோயில் எடுத்தல் தூய்மைக்கு இழுக்கன்றோ என வினவலாம். சிவபெருமான் சுடலையை ஆடரங்காக உடையான் என்பது அருளாளர் வாக்கு. காரைக்காலம்மையார் ஆலங்காட்டு ஈமப்புறங்காட்டில் அவன் ஆடலைக் கண்டு பாடியிருந்தமையும் சைவர் அறிந்ததே. தொண்டைமானாற்றூரில் உணவு பெற்றாருள் மாவிரதியர் இருந்தமையும், பஞ்சவன்மாதேவி ஈச்சுரத்தில் இலகுலீச பண்டிதர் என்பார் பொறுப்பேற்றிருந்தமையும் இதனொடு வைத்து எண்ணத்தக்கன. சுடுகாட்டை இறைவனுக்கு அயலிடமாகக் கருதாத துறவியர் பள்ளிப்படைகளிற் பணி செய்தனர் என்பது இவற்றாற் பெறப்படும்.

3. திருநல்லத்துச் சிற்பம்

முதலாம் பராந்தகன் மைந்தருள் ஒருவரும் அரிஞ்சயனுக்குத் தமையனாருமாகிய கண்டராதித்தர், தில்லையம்பலவனைப் பாடிய திருவிசைப்பாவால் ஒன்பதாந் திருமுறையில் இடம் பெற்றவர். மேற்கெழுந்தருளின தேவர் எனக் கல்வெட்டுக்கள் அவரைக் குறிக்கும். அவர் மறைந்தது கி.பி. 957 ஐ ஒட்டியாகும். அவர் தேவியார் மழவரையர் மகளாராகிய செம்பியன்மாதேவியார். அப்பொழுது அவர்தம் மகன் உத்தமசோழன் இளையன். அதன்பின் தேவியார் நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தார், கி.பி. 1001 வரையிற் கல்வெட்டுக்களில் அவரைக் காணலாம். உத்தமசோழன் அரசெய்தியதனையும் மறைந்ததனையும் அவர் கண்டார். இராசராசன் அரியணை ஏறிய பின்னரும் அறம் செய்தார்.

இந்நெடிய காலத்தில் அவர் செய்த பணி, செங்கற் கோயில்களாக இருந்த பாடல்பெற்ற தலங்களைக் கற்றளிகளாக்குதல் ஆகும். திருநல்லம், திருக்கோடிகா, திருமுதுகுன்றம், ஆரூர் அரநெறி, தென்குரங்காடுதுறை, திருத்துருத்தி முதலிய தலங்கள் அவர் திருப்பணியைப் பெற்றன. அவற்றுள் திருநல்லம், இன்று கோனேரிராசபுரம் என வழங்கும் காவிரித் தென்கரைத் தலம். உத்தமசோழன் ஆட்சியில் அத்தளியைக் கல்லால் எடுப்பித்தவர் தேவியார். எடுத்தது தம் கணவரான கண்டராதித்தர் திருப்பெயரால் என அங்குள்ள கல்வெட்டே கூறுகின்றது.

அக்கோயிலின் தென்சுவரில், சிவலிங்கத்தின் முன் அமர்ந்து வழிபடும் ஒருவர் திருவுருவம் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. அதன் கீழுள்ள எழுத்துப் பொறிப்பால், அவர் திருநல்லமுடையார் திருவடியைத் தொழுகின்ற கண்டராதித்த தேவர் என்பதும், அவ்வாறு கல்லில் வடிப்பித்தவர் செம்பியன்மாதேவியார் என்பதும் விளங்கும். மற்றொரு பொறிப்பு இத்தளியை அமைத்தவனையும் மறவாது குறிக்கின்றது. ஆலத்தூரினனாகிய சாத்தன் குணபத்தன் என்னும் அரசரணசேகரன் என்பது அவன் பெயர். இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டமும் அவனுக்கு வழங்கப்பெற்றது.

கணவரை இழந்த ஒரு தேவியார் அவரை எவ்வடிவில் நினைக்க விரும்பினார் என்பதற்கு இச்சிற்பத்தினும் தெளிந்த சான்று அரிது. கண்டராதித்தர் வேந்தர், அவரை அரியணையில் அமர்த்திக் காட்டியிருக்கலாம். போர்க்கோலத்தில் யானைமேற் காட்டியிருக்கலாம். தம்மொடு இருவராய் வீற்றிருப்பதாகவும் காட்டியிருக்கலாம். அவற்றுள் ஒன்றனையும் தேவியார் மேற்கொண்டிலர். சிவன் திருவடியில் ஒன்றி இருந்த நிலையே அவர் கண்ட கணவரின் உண்மை நிலை. அந்நிலையினைக் கல்லில் நிறுத்தியதனால், காலத்தாற் கவரப்படாத ஒரு பொழுதில் தம் கணவரை வைத்தார். அரசு மகனுக்கும் பிறர்க்கும் சென்றது, போர்கள் மறக்கப்பட்டன, வழிபாடோ அச்சுவரில் நிகழ்ந்த வண்ணம் உள்ளது. காண்பார் கண், தொழுவாரிடத்து நில்லாது, அவர் தொழப்படும் இலிங்கத்தின்மேற் செல்லுமாறு சிற்பம் அமைந்திருத்தலும் உணரத்தக்கது.

தேவியார்க்கும் பின்னாளில் இவ்வகைச் சிறப்புச் செய்யப்பட்டது. நாகைக்கு அணித்தாக அவர் பெயராலேயே வழங்கும் செம்பியன்மாதேவி என்னும் ஊர்க்கோயிலில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் வழிபாடு நிகழ உத்தமசோழன் தேவியர் நிவந்தம் அளித்தனர். முதலாம் இராசேந்திரன் காலத்தில், கி.பி. 1019 ஐ ஒட்டி, அவர் திருமேனி அக்கோயிலில் எழுந்தருளுவிக்கப்பட்டது. அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் உள்ள சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று அவர் சாயலில் அமைந்தது எனக் கருதுவார் சிலர். உமையம்மை திருவுருவே என்பார் வேறு சிலர். தேவியார்க்கும் தேவிக்கும் இடையே இத்தகைய ஐயம் எழுமாறு அத்திருமேனி அமைந்திருத்தலே அக்காலத்துக் கலையின் போக்கினைக் காட்டும்.

4. குந்தவையார் எடுத்த திருமேனிகள்

கண்டராதித்தர்க்கு இளையவரான அரிஞ்சயன் மகன் இரண்டாம் பராந்தகன். அவனே சுந்தரசோழன் எனப்படுவான். அவன் மக்கள் ஆதித்த கரிகாலன், குந்தவையார், இராசராசன் என மூவர். செம்பியன்மாதேவியார் இம்மூவர்க்கும் பாட்டி முறையினர். இக்குடும்பம் எய்திய துயரம் சிறிதன்று. மூத்தவனாகிய ஆதித்தன் இளமையிலேயே வஞ்சகராற் கொல்லப்பட்டான். அக்கொலைக்கு உடந்தையானவர் உடைமைகளைப் பறித்து விற்ற செய்தியை, இராசராசனது 2 ஆம் ஆட்சியாண்டில் எழுந்த உடையார்குடிக் கல்வெட்டு அறிவிக்கும். சுந்தரசோழன் காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் துஞ்சினான். மலையமான் குடியிற் பிறந்த அவன் தேவி வானவன்மாதேவியார், பாலுண்ணும் குழவியையும் விட்டுக் கணவனொடு தீயிற் புகுந்தார் எனத் திருக்கோவலூர்க் கல்வெட்டுக் கூறும்.

அச்செயலை அக்காலத்தார் புகழ்ந்து பொறித்தனர். புகழ் யாதாயினும், தந்தையை இழந்த மக்கள் உடனே தாயையும் இழந்தனர் என்பதே அதனால் விளைந்தது. ஒரே அரச குடியில் கணவரை இழந்த தேவியர் இருவரின் வாழ்வு இவ்வாறு வேறுபட்டது. ஒருவர் தீயிற் புகுந்தார். மற்றவர் வாழ்ந்து கோயில்கள் எடுத்தார். துயரத்தின் வன்மை இருவர்க்கும் ஒத்ததாகலாம். ஆயினும் பின்வந்தார் வாழ்வுக்குப் பயன்பட்டது எது என்பது ஆராய்வார்க்குத் தானே விளங்கும்.

வல்லவரையர் வந்தியதேவர் தேவியாராகிய குந்தவையார், தம்பி எடுத்த தஞ்சை இராசராசேச்சுரத்துக்கு அளித்த கொடைகள் பல. கி.பி. 1010 இல், இராசராசனது 25 ஆம் ஆட்சியாண்டில், விமானத்தின் உச்சியில் வைத்தற்குரிய பொற்குடத்தை வேந்தன் அளித்தான். தான் கொடுத்தனவற்றையும் தன் அக்கன் கொடுத்தனவற்றையும் கல்லில் வெட்டுக எனப் பணித்த ஆணையில், தன் தேவியர் கொடைக்கு முன்னர் அக்கன் கொடையை அவன் வைத்தமை கருதத்தக்கது. அவ்வக்கன் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளுள் உமாபரமேசுவரியார் திருமேனிகளொடு, பொன்மாளிகைத் துஞ்சின தேவர் திருமேனியும், தம் தாயார் திருமேனியும் கூறப்படுகின்றன.

கொன்றாரைத் தண்டித்தல் அரசன் கடன். அதனை இராசராசன் செய்தான். தீயிற் புகுந்த தாயையும், அயலூரிற் துஞ்சிய தந்தையையும் மீளவும் ஓரிடத்திற் சேர்த்துவைத்தல் மகள் செய்தற்குரியதாயிற்று. அதனைக் குந்தவையார் தம்பியின் அரண்மனையிற் செய்திலர். இறைவன் கோயிலிற் செய்தார்.

திருமேனி எடுத்தலொடு அம்மையார் அமைந்திலர். அவற்றின் வழிபாடு தடையின்றி நிகழ்தற்கு ஊர்ச்சபையாரிடத்துக் காசு முதலாக வைத்தார். காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டி; அஃதாவது எட்டுக் காசுக்கு ஒரு காசு. முதல் அழியாது, வட்டி ஆண்டுதோறும் வரும், சந்திரரும் சூரியரும் உள்ளளவும் பணி நடைபெறும் என்பது ஏற்பாடு. தந்தையின் பெயரால் தஞ்சையிற் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை என்னும் மருத்துவசாலைக்கும் அவர் நிவந்தம் அளித்தார். பெற்றோர்க்கு இனி மருந்து கொடுக்க இயலாத மகளார், அவர் பெயரால் அயலார் நோய்க்கு மருந்து கொடுத்தார் என்க.

5. சித்தாந்த நோக்கு

இனி, முதற்கண் எழுந்த ஐயத்துக்கு வருவோம். துஞ்சினார் திருமேனிக்கு வழிபாடு நிகழ்ந்தது என்றால், அது மானிடரைத் தெய்வமாக்கியதாகாதோ? பிரிவைப் பொறாத பாசத்தின் செயலாகாதோ?

இவ்வினாவுக்கு விடை அத்திருமேனிகள் நின்ற சூழலிலேயே உள்ளது. தஞ்சைக் கோயிலில் திருக்காரியம் பார்த்த ஆதித்தன் சூரியனாகிய தென்னவன் மூவேந்தவேளான் என்பான், நம்பியாரூரர், பரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர் முதலியோர் திருமேனிகளொடு, பெரிய பெருமாள் என்னும் இராசராசன் திருமேனியையும் அவன் தேவியாகிய உலகமாதேவியார் திருமேனியையும் எழுந்தருளுவித்தான். அரசனும் அரசியும் அங்கே அடியார் வரிசையில் நிற்கின்றனர். ஆண்டவன் இடத்தை அவர் கொண்டிலர். குந்தவையாருடைய பெற்றோரும் அம்முறையிலேயே இறைவன் திருமுன்றிலில் இடம் பெற்றனர் எனக் கொள்ளுதல் தகும். தனியே ஓர் இடம் சமைத்து அவரை மூலமூர்த்திகளாக்காது, இராசராசேச்சுரமுடையார் கோயிலுள் அவரை வைத்தமையே அக்கருத்தினைப் புலப்படுத்தும்.

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் நூற்பா, மலம் நீங்கிய மெய்யடியார் திருவேடத்தினையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுமாறு பணிக்கின்றது. மெய்கண்டார் 13 ஆம் நூற்றாண்டினர். நூற்பா பின்னர் எழுந்தது. ஆயினும் அந்நூற்பா கூறும் ஒழுக்கம் அதற்கு முன்னரே சைவர் வாழ்விற் பயின்றது என்பதற்குத் திருநல்லத்துச் சிற்பம் கல்லாலாய சான்று ஆகும். அடியார் வேடமும் ஆலயமும் என்னும் இரண்டும் அங்கே ஒருங்கே உள்ளன. கணவரை அடியாராகக் காட்டி, அவர் பெயராற் கோயிலை எடுத்தார் செம்பியன்மாதேவியார். எனவே, அவர் கணவரை நினைத்த நினைவு சிவ வழிபாட்டின் வேறாகாது முடிந்தது.

உயிர் கல்லினுள் தங்குவதன்று. உருவெடுத்தலால் இறந்தார் மீள்வதுமில்லை. இதனைப் பெரியபுராணத்து வரலாறு ஒன்று உருக்கமாக உணர்த்தும். மயிலையில் வாழ்ந்த சிவநேசர் தம் மகள் பூம்பாவை அரவு தீண்டி இறந்தபோது, அவள் என்பையும் சாம்பரையும் குடத்துள் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்து, பொன்னும் முத்தும் மாலையும் சாந்தும் அணிவித்து, உயிரோடிருப்பாளைப் போன்று பேணினார். மகளை இழந்த தந்தை செய்த கலை அக்குடம். ஆயின் அவர் அதனைத் தமக்கென வைத்திலர். திருஞானசம்பந்தர்க்கு உரிய பொருளாகவே காத்துவைத்தார். பிள்ளையார் பதிகம் பாட அவள் எழுந்தாள். எழுந்த பின்னரும் அவள் தந்தையின் உடைமையாக மீண்டிலள். பிள்ளையார்க்கு மனைவியாகவும் ஆயினாளல்லள். கன்னிமாடத்திருந்து சிவனைச் சேர்ந்தாள். இழந்த பொருளை மீளப் பெற்றார்க்கும் அது தம்முடையதன்று, அவனுடையது என்பதே அவ்வரலாற்றின் உட்கிடை.

திலகவதியார் வரலாறும் இதற்குத் துணையாகும். தந்தையும் தாயும் மறைய, தமக்கென மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் மாள, தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். திருவதிகைக் கோயிலில் அலகிடுதலும் மெழுகுதலும் மாலை தொடுத்தலும் அவர் செய்த பணி. துயரைக் கைத்தொண்டாக்கிய அவ்வழியையே செம்பியன்மாதேவியாரும் பின்பற்றினார் எனலாம். அவர் பொருட்டும் ஓர் இளையன் இருந்தான். அவர்க்கும் கோயிற்பணி வாழ்வாயிற்று.

ஆகவே, பாசம் என்பதும் அன்பு என்பதும் ஒன்றல்ல என்பது தெளிக. இழந்தாரைத் தனக்கே மீளப் பெற வேண்டும் என்னும் வேட்கை பாசம். இழந்தார் யாருடையவரோ அவனிடத்து அவரை வைத்து, அவன் பொருட்டு அவர் பெயராற் பிறர்க்குப் பயன்படுதல் அன்பு. இரண்டற்கும் தோற்றுவாய் ஒரே துயரமாகலாம். அவை சென்று முடியும் இடம் வேறு.

6. பழங்கற்படி

இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுக்கள் கூறும் செப்புத் திருமேனிகளுள் மிகப் பல இன்று அக்கோயிலில் இல்லை. ஊர்ச்சபைகளும் அவை கொடுத்துவந்த வட்டியும் மறைந்தன. தொண்டைமானாற்றூரில் ஆயிரவர்க்குச் சோறிட்ட அறமும் ஓய்ந்தது. கல்லும் செம்பும் காசும் என்றும் நிற்பன என எண்ணியவாறு நில்லாமை உலகியற்கையே. ஆயினும் எழுத்து எஞ்சியது; எழுத்தொடு பெயரும் எஞ்சியது.

பெயரின் அருமையினைச் செம்பியன்மாதேவியார் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்குத் திருக்கோடிகாவில் ஒரு சான்று உண்டு. அங்கே பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, முன்னோர் கொடைகளைக் குறித்த கல்வெட்டுக்கள் பல பழங்கற்களில் இருந்தன. புதுப்பிப்பார் பலர் அத்தகைய கற்களை அடித்தளத்திலோ படியிலோ இட்டு மறைத்துவிடுதல் உண்டு. தேவியார் அவ்வாறு செய்யவிடாது, அவ்வெழுத்துக்களைப் படியெடுத்துப் புதுச்சுவரிற் பொறிப்பித்தார். இவை பழங்கற்களின் படி என்னும் குறிப்பும் உடன் வெட்டப்பட்டது. விளக்குக்கு ஆடும் பொன்னும் கொடுத்த பழையோர் பலரின் பெயர் அதனாற் பிழைத்தது. அவர் தேவியார்க்குச் சுற்றத்தார் அல்லர். அவரை நினைந்து அழுவார் ஒருவரும் அந்நாளில் உயிரோடிருந்திலர்.

தம் கணவர் பெயரை ஒரு சுவரில் நிறுத்திய கை, மற்றொரு சுவரில் அயலார் பெயர்களையும் அழியாது காத்தது. தம்மவரை இழந்த துயரம் எவரவரையும் மறவாமையாக விரிந்தவாற்றை, திருநல்லத்துத் தென்சுவரினையும் திருக்கோடிகாச் சுவர்களையும் ஒருங்கே நோக்குவார் அறிவர்.